அகத்தியிலிருந்து போர்ட் பிளேர் வரை

என் மகள் இருப்பது போர்ட் பிளேரில். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தலைமுறையாக அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கிறார்கள். மகன் 2017-லிருந்து நாலு வருஷம் இருந்தது லட்சத்தீவில், அகத்தி என்ற தீவில். மத்திய அரசு வேலை. மருமகளுக்கு நாகர்கோவிலில் ஆசிரியை உத்தியோகம் என்பதால் அவன் மட்டும் தனியாகப் போய் இருந்தான்.

அவனுக்கு அகத்திக்கு மாற்றல் ஆகியிருக்கிறது என்று நான் சொன்னபோது வாகையடி முனையில் பாதிப் பேர், "பாபநாசத்துக்கா? அகத்தியர் அருவிப் பக்கமா மாத்தியிருக்காவ?" என்றுதான் கேட்டார்கள். கீரை விற்கிற ஊரா என்று கேட்டவரும் உண்டு. லட்சத்தீவு என்றதும், "அது மலையாளத்துக் கரைக்குப் பக்கத்துலதான, ஒண்ணும் தூரமில்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இந்தப் "பக்கத்துல" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

2018 ஜனவரியில் போர்ட் பிளேரில் பேத்திக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது. என் மனைவி ஒருநாள் ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே, "இங்க பாருங்க, தம்பி அங்கேருந்து அக்கா வீட்டுக்குப் போவ எவ்வளவு தூரம்? எத்தன நேரம் ஆவும்?" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது நேரம். எனக்குப் பிடித்தது தூரம். கை கழுவிவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பா டவுணிலிருந்து போய்க் காரைக்காலில் பாத்திரக்கடை வைத்திருந்தார். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான். அதுவரைக்கும் ஊரில் பிரெஞ்சுப் படிப்புக்கு ஒரு மவுசு இருந்தது. படித்தால் பையன் சைகோனுக்கோ பாரீசுக்கோ போவான் என்பது அப்பாவின் கணக்கு. பையன் போனது கொக்கிரகுளம் வரைக்கும்தான். ஆனால் முசியே சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் அறுபது வருஷமாக மறக்கவில்லை. மீட்டர் என்பது யாரோ ஒரு ராஜாவின் கை நீளம் இல்லை. வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை மீட்டர் என்று வைத்தார்கள். இதற்காக 1792-லிருந்து 1798 வரைக்கும், நாட்டில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு பேர் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரைக்கும் கோபுரம் கோபுரமாக ஏறி அளந்துகொண்டே போனார்கள்.

இதில் எனக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், ஒரு கோடி மீட்டர் என்பது 10,000 கிலோமீட்டர். அது 90 டிகிரி. ஆகவே ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் சொச்சம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அட்சரேகை தீர்க்கரேகை தெரிந்தால், உலகத்தில் எந்த ஊருக்கும் தூரம் சொல்லிவிடலாம். நாங்கள் நெல்லைக்குத் திரும்பி வந்தபோது இங்கே பையன்கள் மைல், பர்லாங்கு, கஜம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு பர்லாங்கு ஒரு மைல், மூன்றடி ஒரு கஜம் என்று அவர்கள் ஒப்பிக்கும்போது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். மற்றபடி அந்தப் படிப்பால் எனக்குப் பெரிய பிரயோஜனம் ஒன்றும் ஏற்படவில்லை.

தாளுக்கு வருகிறேன். அகத்தி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 72.18-ல் இருக்கிறது. போர்ட் பிளேர் 92.73-ல். வித்தியாசம் 20.55 டிகிரி. அதை 111.1-ஆல் பெருக்கினால் 2,283 வரும். இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பதினோரு டிகிரி வடக்கே இருப்பதால் வட்டம் அங்கே கொஞ்சம் சுருங்கும். நூற்றுக்கு இரண்டு கழித்துக்கொள்ள வேண்டும். போர்ட் பிளேர் முக்கால் டிகிரி சொச்சம் வடக்கே தள்ளி இருப்பதால் அதற்கு ஒரு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்ட வேண்டும். ஆக மொத்தம் 2,240 கிலோமீட்டர். பிற்பாடு மகன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். 2,243 என்று வந்தது. மூன்று கிலோமீட்டருக்கு நான் சண்டை போடவில்லை.

"2,240" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இங்கேருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டா அதுவும் கிட்டத்தட்ட 2,200தான்" என்றேன். அப்போதுதான், "அடி ஆத்தி" என்று வாயில் கையை வைத்தாள். நெல்லையும் டெல்லியும் எவ்வளவு தள்ளியோ, அவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் அவள் பெற்ற இரண்டும்.

அன்றைக்கு அவள் தூங்கப் போன பிறகும் நான் அந்தத் தாளை விடவில்லை. பூமி உருண்டை என்பதால் நேர்கோடு படத்தில் கொஞ்சம் வடக்கே வளைந்து போகும். அதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், அந்தக் கோடு கோழிக்கோட்டுக் கரிப்பூர் விமான நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறுகிறது. கோயம்புத்தூருக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம் பக்கமாக வந்து, நாமக்கல் மேலேயும் பெரம்பலூர் மேலேயும் ஏறக்குறைய அப்படியே போய், சீர்காழிக்கு வடக்கே, திருமுல்லைவாசலுக்கும் பழையாற்றுக்கும் நடுவே கடலில் இறங்குகிறது. காரைக்காலிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அப்பாவின் கடைவாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்தால் வடக்குப் பக்கமாகத் தெரியக்கூடிய தூரம்தான். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்க்கிற கோடு நான் படித்த ஊருக்குப் பக்கமாகவே போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வழியில் இன்னொரு இடம் உண்டு. கோடு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் போகிறது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிற பழந்தீவுகள் மாலத்தீவுகள்தான் என்று சொல்லுகிறார்கள். மேற்குக் கடல். அவன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பல்படை அனுப்பினான். அந்தப் பட்டியலில் நக்கவாரம் வருகிறது, இன்றைய நிக்கோபார். கிழக்குக் கடல். இரண்டு பக்கத்துத் தீவுக் கூட்டத்தின் பெயரும் எழுதப்பட்ட தலைநகரம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோட்டின் நடுப்புள்ளி எங்கே என்று பார்த்தேன். 82.45 டிகிரி. நமது இந்திய நேரம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? 82.5 டிகிரி. ஐந்தாறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். வங்காள விரிகுடாவில், சீர்காழிக் கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிழக்கே, வெறும் தண்ணீரில் இருக்கிறது அந்த இடம். நம் கைக்கடிகாரம் நியாயமாகக் காட்டுவது அந்தத் தண்ணீரின் நேரத்தைத்தான். போர்ட் பிளேரில் சூரியன் கடிகாரத்துக்கு 41 நிமிஷம் முந்தி நிற்கும். அகத்தியில் 41 நிமிஷம் பிந்தி நிற்கும். ஒரே தேசம், ஒரே கடிகாரம், நடுவில் 82 நிமிஷம். டிசம்பர் மாதம் மகள் வீட்டில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அகத்தியில் ஆறேகால் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். மனைவி மாலையில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்துப் போன் போடுவாள். ஒருத்தி விளக்கேற்றி முடித்திருப்பாள். ஒருத்தன் இன்னும் வெயிலில் நின்று பேசுவான். அவளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

போன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது இரண்டு தீவுக்கூட்டத்துக்கும் பேச்சு செயற்கைக்கோள் வழியாகத்தான். அது நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். தம்பி சொல்வது மேலே போய்க் கீழே கரைக்கு வந்து, மறுபடி மேலே போய் அக்காவிடம் இறங்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 1,44,000 கிலோமீட்டர். 2,240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அக்காவிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு. அதனால்தான் ஒரு அரை விநாடி இழுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தது. லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில். அதற்குள் அவன் அங்கேயிருந்து வந்துவிட்டான்.

சரி, நேரம். இதுதான் அவள் கேட்டது.

பொதுப்பணித்துறையில் நான் ரொம்ப வருஷம் பார்த்த வேலை பயணப்படி பில்களைச் சரிபார்ப்பது. டி.ஏ. பில்லில் முதலில் பார்க்க வேண்டியது, போனவர் குறுக்கு வழியில் போயிருக்கிறாரா என்பதை. சுற்றிப் போனால் அதற்குக் காசு கிடையாது. எத்தனையோ என்ஜினீயர்களின் பில்லில் சிவப்பு மையால் கிலோமீட்டரை வெட்டியிருக்கிறேன். அதே கண்ணோடு மகன் பயணத்தைப் பார்த்தேன். அகத்தியிலிருந்து கொச்சி 465 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து சென்னை 520. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,370. மொத்தம் 2,355. நேர்கோட்டை விட 115 கிலோமீட்டர்தான் கூடுதல். நூற்றுக்கு ஐந்து. நான் பில் பாஸ் செய்கிறவனாக இருந்திருந்தால் ஒரு ஆட்சேபணையும் எழுதியிருக்க முடியாது.

ஆனால் நேரம் வேறு கதை. அவன் எழுதி அனுப்பிய கணக்கு என் டைரியில் இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினான். அகத்தி விமானம் பதினொரு மணிக்கு. நெடும்பாசேரியில் இறங்கியது பன்னிரண்டரை. சென்னை விமானம் மாலை ஐந்தரைக்கு. இறங்கியது ஆறே முக்கால். அதற்கு மேல் போர்ட் பிளேருக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது. அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும். மீனம்பாக்கத்தில் நாற்காலியில் இரவு. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஏறி, எட்டு இருபதுக்கு இறங்கி, ஒன்பதரைக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றான். வீட்டுக்கு வீடு இருபத்திநாலரை மணி. அதில் ஆகாயத்தில் இருந்தது ஐந்து மணி நேரம். மற்றதெல்லாம் காத்திருப்பு. இதுவும் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்த நாளில். இதே தூரத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு ஏறினால் மூன்றேகால் மணியில் இறக்கிவிடுகிறான்.

ஏன் நேராக ஒரு விமானம் விடக்கூடாது என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அகத்தித் தீவு ஏழு கிலோமீட்டர் சொச்சம் நீளம். அகலம் அதிகம் போனால் ஒரு கிலோமீட்டர். அதன் தெற்கு வாலில் 1988-ல் போட்ட ஓடுபாதை 1,200 மீட்டர் சொச்சம்தான். இரண்டு பக்கமும் கடல். போர்ட் பிளேரில் 3,300 மீட்டர் அளவுக்கு இருக்கிறது. பெரிய ஜெட் விமானம் அகத்தியில் இறங்க முடியாது. இறக்கை விசிறி வைத்த ஏ.டி.ஆர். போகும். அதுவும் அங்கேயிருந்து கிளம்பும்போது ஆள், சாமான் எல்லாம் எடை பார்த்துக் குறைத்துத்தான் ஏற்றுவார்கள். அந்த ஏ.டி.ஆர். நிறைய ஆளோடு ஒரே மூச்சில் 1,500 கிலோமீட்டர் பறக்கும். 2,240 பறக்காது. ஆக, போர்ட் பிளேரில் இறங்கக்கூடியது அகத்தியில் இறங்காது. அகத்தியில் இறங்கக்கூடியது போர்ட் பிளேர் வரை போகாது. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது. நீட்டினால் பவளப்பாறையின் மேல்தான் நீட்ட வேண்டும். இது நான் தீர்ப்புச் சொல்கிற விஷயம் இல்லை. அப்படியே நீட்டினாலும், இந்த இரண்டு ஊருக்கும் நடுவே தினசரி போகிறவர்கள் என்று என் மகனைத் தவிர யார் இருக்கப்போகிறார்கள்?

சீர் சாமான்களை மனைவி பெட்டியில் கட்டிச் சென்னையில் இருக்கிற என் மைத்துனர் கையில் ரயிலில் அனுப்பினாள். அவர் மீனம்பாக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். மகன் தன் பங்குக்கு அகத்தியிலிருந்து தீவுச் சர்க்கரை கொண்டு போனான். நம் கருப்பட்டி மாதிரியே, ஆனால் பனை இல்லை, தென்னம் பாளையில் இறக்குவது. பேத்திக்கு அது பிடித்துவிட்டது. சடங்கு போட்டோவில் தாய்மாமன் கண்ணெல்லாம் சிவந்து, தூக்கமில்லாத முகத்தோடு மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மனைவி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அடுத்த வருஷம், 2019 ஜூன் 10-ம் தேதி விடியற்காலை ஒன்றரை மணிக்கு அவள் போய்விட்டாள். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் உடனே போன் போட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் எடுத்துவிட்டார். காலை விமானத்தில் ஏறிச் சென்னை வந்து, அங்கேயிருந்து மதியம் தூத்துக்குடி விமானம் பிடித்து, வாகைகுளத்திலிருந்து காரில் நாலு மணிக்கெல்லாம் டவுணுக்கு வந்துவிட்டாள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. நேர்கோட்டில் போர்ட் பிளேர் நமக்கு 1,680 கிலோமீட்டர். அகத்தி வெறும் 650. மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம்தான் கூடுதல். மகன் வரவில்லை.

அவன் அங்கே காலையிலிருந்து விமான நிலையத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கேரளத்தில் பருவமழை ஆரம்பித்து இரண்டு நாள். லட்சத்தீவுப் பக்கத்துக் கடலில், பிற்பாடு "வாயு" என்று பெயர் வைத்த புயல் அன்றைக்குத்தான் உருவாகிக்கொண்டிருந்தது. கொச்சியிலிருந்து வரவேண்டிய விமானம் வரவில்லை. மழைக்காலத்தில் சிறு படகுகள் கடலில் இறங்காது. கப்பலும் அன்றைக்கு இல்லை.

வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு இது புரியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. "அந்தமான்லேருந்து பொம்பளப் பிள்ள வந்துட்டா, கொச்சிக்குப் பக்கத்துல இருக்கவன் வரலியே" என்று திண்ணையில் பேச்சு கிளம்பியது. என் காதுபடவே பேசினார்கள். "மருமவ இங்கதான இருக்கா, அவளுக்குத் தெரியும்லா" என்று ஒரு அத்தை இழுத்தாள். மருமகள் நாகர்கோவிலிலிருந்து காலையிலேயே வந்து அடுப்படியில் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

என் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, இன்னைக்கே எடுத்துருவோம். ராத்திரி வைக்க வேண்டாம். மக இருக்கா, பேரப்பிள்ளைய இருக்கு. கொள்ளி வைக்க நீங்களே இருக்கிய. அவன் வந்து பத்தாம் நாள் காரியம் பாக்கட்டும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. வயதானவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கருப்பந்துறைக்கு ஆள் சொல்லிவிட்டதாகக்கூடச் சொன்னார்கள்.

மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். "சித்தப்பா, நான் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் வந்துட்டேன். அவன் பக்கத்துல இருக்கான்னு சொல்லுதிய. பக்கத்துல இருக்கவனுக்காவ ஒரு நாள் பொறுக்க மாட்டியளா?" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

நான் எழுந்து போய்த் திண்ணையில் இருந்தவர்களிடம் சொன்னேன். அங்கே ஓடுபாதை 1,200 மீட்டர்தான், மேகம் கீழே இறங்கிவிட்டால் விமானி சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொச்சிக்கே போய்விடுவான், அவன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, வருவதற்கு வழி இல்லை என்று. சாவு வீட்டில் ஓடுபாதையின் நீளத்தைச் சொன்ன ஆள் நெல்லை ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. ஐஸ் பெட்டி எடுத்துவரச் சொன்னேன். நாளைக் காலை வரைக்கும் என்று சொல்லவில்லை. அவன் வரும் வரைக்கும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேல் விமானம் வந்தது. அவன் நெடும்பாசேரியில் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால். அங்கேயிருந்து சென்னை போய்த் தூத்துக்குடி வர மறுபடி ராத்திரி ஆகிவிடும் என்று கார் பிடித்துவிட்டான். புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி. முந்நூறு கிலோமீட்டர், மலைப்பாதை முழுக்க மழை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தான். அக்கா வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். இரண்டு பேரும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது அந்தச் சடங்கு வீட்டில்தான். சட்டம் போட்ட போட்டோ தலைமாட்டுச் சுவரிலேயே இருந்தது.

12-ம் தேதி காலையில் எடுத்தோம். திண்ணையில் பேசின அத்தைதான் அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

அடுத்த வருஷம் முதல் திதி 2020 மே மாதக் கடைசியில் வந்தது. அந்த வருஷம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. லட்சத்தீவில் ஒருத்தருக்கும் கொரோனா இல்லை. மறுவருஷம் ஜனவரியில்தான் முதல் ஆள். அந்தப் பெயரைக் காப்பாற்ற யாரையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. வெளியே வந்தவன் திரும்பிப் போகப் பல நாள் அடைந்து கிடக்க வேண்டும். மகள் பக்கமும் அதே கதைதான். ஆளுக்கு ஒரு இடத்தில் கும்பிட்டுக்கொள்வது என்று முடிவானது. குறுக்குத்துறை ஆற்றுக்குக்கூட நான் போக முடியவில்லை.

பொழுது விடிந்ததும் கும்பிடலாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு முன்பே மகள் கூப்பிட்டாள். அங்கே சூரியன் வந்துவிட்டது. விளக்கு வைத்து, இலை போட்டு, காக்காவுக்கு வைத்துவிட்டேன் அப்பா என்றாள். இங்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டு. ஆறு மணிக்கு எங்கள் தெருவில் வெளிச்சம் வந்தது. மருமகள் சமைத்து வைத்திருந்தாள், நான் கும்பிட்டேன். நான் இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகும்போது போன் அடித்தது. ஆறேகால் இருக்கும்.

"அப்பா, இங்க இப்பத்தான் விடியுது. கடற்கரையில நிக்கேன். ஆரம்பிக்கட்டுமா?"

"உங்க அக்கா எப்பவோ முடிச்சிட்டா. நீ ஆரம்பிப்பா" என்றேன்.